சாம்பல் எழுத்துகள்

ஜெபராணி மனு அடிக்கும் விதமே தனி. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு அடித்துக் கொடுப்பவர்கள் நாலு பேர் இருந்தார்கள். மற்ற மூவரும், வந்தவர் வாயைத் திறந்ததுமே "விசயத்த மட்டும் சொல்லுங்க" என்று நிறுத்திவிடுவார்கள். ஜெபராணி நிறுத்த மாட்டாள். "எல்லாத்தையும் சொல்லுங்க, நான் அடிச்சிட்டே வாரேன்" என்பாள். திட்டினால் திட்டையும் அடிப்பாள். அழுதால் அழுகைக்கு நடுவில் தெறித்து விழுந்த வார்த்தையையும் அடிப்பாள். எல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு பேக்ஸ்பேஸ் கட்டையில் விரலை வைத்துப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வருவாள். மூன்று பக்கம் அரைப் பக்கமாகச் சுருங்கும். 'மேற்படி'யும் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'னும் மிஞ்சும்.

எதிரே உட்காருபவர் பார்ப்பதற்கென்று இன்னொரு திரையைத் திருப்பி வைத்திருந்தாள். தாங்கள் சொன்னது வரிவரியாக மறைவதைப் பார்க்கும்போது பலருக்கு மூச்சு சீராகும். "அழிஞ்சிட்டுல்லாக்கா?" என்று கேட்பார்கள். "அழிஞ்சிட்டு. நீங்க சொல்லவே இல்லன்னு வச்சிக்கிடுங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வெயிலில் வரிசையில் நிற்பவர்கள் இருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் அவள். டைப் இன்ஸ்டிடியூட்டில்தான் கை படித்தது. காதில் விழுவது மூளைக்குப் போகாமல் நேரே விரலுக்குப் போகும். பக்கத்து மேஜையில் யாராவது அடித்தால், கட்டைகளின் சத்தத்தை வைத்தே என்ன வார்த்தை என்று சொல்லிவிடுவாள்.

"நீ மனுசியா, கருவியாட்டி?" என்று ரஹ்மத் கேலி செய்வாள். இருவரும் ஒரே இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள். ரஹ்மத் இரண்டு கடை தள்ளி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள்.

கைத்துணை என்ற மென்பொருள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இலவசம். நாலு எழுத்து அடித்தால் மீதி வாக்கியத்தைச் சாம்பல் நிறத்தில் முன்னால் காட்டும். பிடித்திருந்தால் ஒரு கட்டையைத் தட்டினால் போதும், சாம்பல் கறுப்பாகிவிடும். ஆபீஸ் பாஷை அதற்கு அத்துப்படி. அது அடித்த மனுவின் அடியில் ஒரு சின்ன முத்திரை விழும். முத்திரை இருக்கும் மனுவை கவுண்டரில் உடனே வாங்கிக்கொண்டார்கள். ஊரில் இருக்கும் செல்போனிலெல்லாம் அதுதான். ரஹ்மத் ஒருத்திதான் அதைக் கடைக்குள் விடவில்லை.

மாசி மாதம் ஒரு பெரியவர் பட்டா மாற்ற மனு கொடுக்க வந்தார். ஜெபராணி 'வீட்டின் பின்புறம்' என்று அடித்தாள். சாம்பல் எழுத்துகள் ஓடி வந்து நின்றன: 'முருங்கைக்கு அடியில்தான் பிள்ளையைப் புதைத்தோம் மாமியாருக்குக்கூடத் தெரியாது.'

பெரியவர் எதிர்த்திரையை உற்றுப் பார்த்தார். "யம்மா, இத நான் சொல்லலியே. என் வீட்ல முருங்கையே கிடையாதே."

"மிசின் ஏதோ உளறுது, தாத்தா." அவள் சட்டென்று அழித்தாள். அந்த வரியை அவளுக்குத் தெரியும். போன ஐப்பசியில் ஒரு பெண் அதே நாற்காலியில் உட்கார்ந்து, வேறெதற்கோ மனு கொடுக்க வந்து, நடுவில் உடைந்து அழுதபோது சொன்னது. ஜெபராணி அடித்தாள், அழித்தாள். "நீங்க சொல்லவே இல்லன்னு வச்சிக்கிடுங்க" என்றும் சொன்னாள்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு ரஹ்மத்தின் கடைக்குப் போனாள்.

"அழிச்சது எப்படிட்டி திரும்பி வரும்?"

ரஹ்மத் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுத் தூசி ஊதிக்கொண்டிருந்தாள். "நீ எங்க அழிச்ச? உன் திரையில அழிச்ச. நீ கட்டையத் தட்டுன நிமிசமே அது கம்பெனிக்காரன் வீட்டுக்குப் போய்ச் சேந்துரும். அங்க யாரு பேக்ஸ்பேஸ் அடிக்கா?"

"அவனுக்கு எதுக்கு இந்த ஊர்க்காரி அழுகை?"

"மனுவுல மிஞ்சுறது எல்லாம் ஒரே மாதிரி. பணிவுடன், பணிவுடன், பணிவுடன். அதத் தின்னு எவன் வளருவான்? நீ அழிக்கிறதுலதான் மனுசன் இருக்கான். அதத் தின்னுதான் அது இவ்வளவு அழகாப் பேசுது." ரஹ்மத் துணியை உதறினாள். "இந்தப் பக்கத்துல அதுக்கு அதிகமா ஊட்டி வளத்தது யாருன்னு நினைக்க? நீதான். மத்தவன்லாம் விசயத்த மட்டும் அடிக்கான். நீ முழு வயித்தையும் கொட்டுத."

ஜெபராணி தூக்கை மூடி வைத்தாள்.

"என் கடையில இருக்க மென்பொருளப் போட்டுத் தாரேன். அதுவும் இலவசந்தான், ஆனா இது வேற. உள்ள இருக்க ஒவ்வொரு வரியையும் யாரு வேணும்னாலும் தொறந்து படிக்கலாம். உலகம் பூராப் படிச்சிட்டே இருக்காங்க. எவனாவது உள்ள ஒளிஞ்சிருந்தா அன்னைக்கே சத்தம் போட்டுருவாங்க. நீ அடிக்கிறது உன் பெட்டியத் தாண்டாது."

"அதப் படிக்க எனக்குத் தெரியாதே."

"எனக்குக் கொஞ்சம் தெரியும். எனக்குத் தெரியாதது இன்னொருத்திக்குத் தெரியும். பூட்டி வச்ச பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு செஞ்சவனத் தவிர எவளுக்குத் தெரியும், சொல்லு?"

"முத்திரை விழாதே, ரஹ்மத். கவுண்டர்ல தூக்கி எறிவான். எதிர்த்த கடைக்காரன் என் கூட்டத்தப் பூரா அள்ளிட்டுப் போயிருவான்."

"அப்ப ஊட்டு. நல்லா ஊட்டு."

"அடுத்த வாரம் மாத்திக்கிடுதேன்" என்றாள் ஜெபராணி. பள்ளிச் சான்றிதழ் மனுக்களுக்குக் கூட்டம் அலைமோதும் காலம் அது. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் ஆனது.

அந்த இடைவெளியில்தான் செண்பகவல்லி வந்தாள். இடது கை மணிக்கட்டு வளைந்து ஆறியிருந்தது. கூட ஒரு சிறுமி, மதுநிலா, மூன்றாம் வகுப்பு. அப்பா கையெழுத்து இல்லாமல் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். "அவன் கண்ணுல பட்டா இந்தத் தடவ மணிக்கட்டோட நிக்க மாட்டான்க்கா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது எங்கே ஒளிந்திருக்கிறோம் என்பதையும் சொன்னாள்.

ஜெபராணிக்கு முருங்கை மரம் நினைவுக்கு வந்தபோது அவள் விரல்கள் ஏற்கெனவே அடித்து முடித்திருந்தன.

மெதுவாக அழித்தாள். "அழிஞ்சிட்டுல்லாக்கா?" என்று செண்பகவல்லி கேட்டாள். ஜெபராணி தலையை மட்டும் ஆட்டினாள்.

பத்து நாள் கழித்து, பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. இஸ்திரி போட்ட சட்டை அணிந்த ஒருவன் வந்து, நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"வணக்கம் மேடம். கலெக்டருக்கு ஒரு மனு. வீட்டுக்காரியையும் மகளையும் ரெண்டு மாசமாக் காணல."

குரல் பஞ்சு மாதிரி இருந்தது. கவரைப் பிரித்து மேஜைமேல் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பை எடுத்து வைத்தான். ரோஸ் கலர், வாரில் பட்டாம்பூச்சி. "செருப்ப விட்டுட்டே போயிட்டா. இந்த வெயில்ல எப்படி நடப்பா, சொல்லுங்க."

"எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள் ஜெபராணி, வழக்கம்போல.

"என் பேரு திரவியராஜ். அவ செண்பகவல்லி. மக மதுநிலா."

விரல்கள் அடித்துவிட்டன. 'என் மனைவி செண்பகவல்லி என் மகள் மதுநிலாவுடன் தற்போது' என்பது வரை வந்தது. அதற்கு முன்னால் சாம்பல் எழுத்துகள், யாரோ அருகில் நின்று காதில் சொல்வதுபோல ஒவ்வொன்றாக விரிந்தன: 'வேம்பாரில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் அந்தோணி வீட்டு மாடியில் இருக்கிறோம்.'

எதிர்த்திரையில் அதுவேதான் தெரிந்துகொண்டிருக்கும். அவள் நிமிர்ந்தாள். அவன் குனிந்து செருப்பைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தான். பேக்ஸ்பேஸைத் தட்டினாள். அவன் தலையைத் தூக்கியபோது கடைசி வார்த்தைகள் மறைந்துகொண்டிருந்தன. அவன் உதடுகள் லேசாக அசைந்து நின்றன.

"ஐஸ் கம்பெனின்னு என்னமோ ஓடிச்சே மேடம். நான் அப்படி ஒண்ணும் சொல்லலியே?"

"மிசின் சும்மா உளறும் சார். நேத்து வந்தவங்க மனு."

"அப்படியா?" அவன் சிரித்தான். நல்ல பல்வரிசை. "நாம அடிக்கதுக்கு முன்னால அதுக்கே தெரிஞ்சிருமோ?" தன் செல்போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இது நம்ம போன்லயும் இருக்கதுதான?"

ஜெபராணி எதிர்த்திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மனு கிடக்கட்டும் மேடம். அப்புறமா வாரேன்."

வெயிலில் இறங்கி, போன்மேல் குனிந்தபடி, கட்டைவிரலால் என்னவோ தட்டிக்கொண்டே நடந்து போனான்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஜெபராணியும் ரஹ்மத்தும் வேம்பாருக்குப் போனார்கள்.

"அவன் அடிச்ச உடனே காட்டிக் குடுத்துருமாட்டி?"

"வெறும் பேர அடிச்சாக் காட்டாது. தாய் பேரு, பிள்ள பேரு, அதோட மனு பாஷை. மூணும் சேந்தாத்தான் அதுக்கு நாக்கு முளைக்கும். தட்டித் தட்டிப் பாப்பான். ஒரு நாளோ ரெண்டு நாளோ."

மாடிப்படியில் செண்பகவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜெபராணியைக் கண்டதும் எழுந்து நின்றாள். "நீங்க எப்படிக்கா இங்க? நான் உங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன். அழிச்சீங்களே?"

ஜெபராணி நடந்ததைச் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. இன்றைக்கே கிளம்பச் சொன்னாள்.

செண்பகவல்லி உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "வெள்ளிக்கிழம இவளுக்கு இங்க பள்ளிக்கூடத்துல பரீட்ச முடியுது. விட்டா ஒரு வருசம் போயிரும். நான் மூணாங் கிளாஸ்ல நின்னவ. இவளையும் அதே கிளாஸ்ல நிறுத்திட்டு ஓட மாட்டேன். சாகுறதுன்னா சனிக்கிழம சாவுதேன்."

"சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் அவன இங்க வர விடாமப் பாத்துக்கிடுதோம்" என்றாள் ரஹ்மத்.

"அதுக்கப்புறம் எங்க போவன்னா..." என்று செண்பகவல்லி தொடங்கினாள்.

"சொல்லாதீங்க" என்று ஜெபராணி கத்தியேவிட்டாள்.

திரும்பி வந்ததும் ரஹ்மத் கடையில் ரிப்பேருக்குக் கிடந்த ஆறு கம்ப்யூட்டர்களை வரிசையாக ஓடவிட்டார்கள். ரஹ்மத் முதல்முறையாகத் தன் கையால் அவற்றில் கைத்துணையை ஏற்றினாள். "விசம் வைக்கப் போறோம்ட்டி" என்றாள். "எதை நிறையத் திங்குதோ அதத்தான் கக்கும். தாய் பேரு, பிள்ள பேரு போட்டு, தற்போதுன்னு அடிச்சிட்டு வேற ஒரு அட்ரஸ் குடு. இல்லாத அட்ரஸ். யோசிக்காம அடி. யோசிச்சா பொய்ன்னு அதுக்குத் தெரிஞ்சிரும்."

ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டு விரல்களை விட்டாள். 'எட்டயபுரம், பழைய நெசவாளர் காலனி, மூன்றாவது தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பச்சைக் கேட் போட்ட வீட்டில் தாயும் பிள்ளையும் தனியாக இருக்கிறோம்.'

ரஹ்மத் எட்டிப் பார்த்து விசிலடித்தாள். "எப்படிட்டி இவ்வளவு நெசமா வருது? பச்சைக் கேட்டு, தண்ணித் தொட்டி!"

"என்னமோ கையில வந்துச்சு."

செவ்வாய் மீதிப் பொழுதும் புதன் முழுக்கவும் அதையே அடித்தார்கள். ஆறு திரைகளுக்கும் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி. புதன் சாயங்காலம் நாலு மணிக்கு ஜெபராணி 'தற்போது' என்று நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சாம்பல் எழுத்துகள் ஒரு கணம் தயங்கின. பிறகு, அடக்கமாக, எட்டயபுரம் என்று தொடங்கின.

ரஹ்மத் இரண்டு கலர் சோடாவை உடைத்துக்கொண்டு வந்தாள். "நல்ல பிள்ள, சொன்னபடி கேக்குது" என்று திரையைத் தட்டிக் கொடுத்தாள். ஜெபராணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நேரம் யாரும் தொடாமல் கிடந்த ஐந்தாவது திரையிலும் அதே வரி வந்திருந்தது.

சனிக்கிழமை வேம்பார் பஸ் கண்டக்டர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பென்சிலில், சிறுபிள்ளை எழுத்தில் ஒரே வரி: 'பரீட்சை நல்லா எழுதினேன். போயாச்சு.' ஜெபராணி அதை நாலாக மடித்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பைத்தியக்காரி என்று ரஹ்மத் சொன்னாள். ஆனால் தடுக்கவில்லை.

திங்கட்கிழமையே ஜெபராணியின் கம்ப்யூட்டரை ரஹ்மத் துடைத்துவிட்டுத் தன் மென்பொருளைப் போட்டாள். இரண்டு நாள் பிரிண்டர் வெற்றுத் தாளாகத் துப்பியது. மூன்றாம் நாள் தமிழ் எழுத்தின் கொம்புகள் எல்லாம் இடம் மாறி விழுந்தன. ரஹ்மத் எங்கோ ஊர் தெரியாத யாருக்கோ எழுதிக் கேட்டாள். மறுநாள் காலையில் அந்த யாரோ திருத்தி அனுப்பியிருந்தார். கவுண்டர் கிளார்க் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை எங்கம்மா?"

"முத்திரை இல்லாத மனுவ வாங்கப்படாதுன்னு உத்தரவு இருந்தா எழுத்துல குடுங்க சார்" என்றாள் ஜெபராணி. அப்படிப் பேசியது அவளுக்கே புதிதாக இருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார். மற்றதையெல்லாம் முடித்துவிட்டு அவள் மனுவைக் கடைசியில் பார்த்தார். கூட்டம் பாதியாயிற்று.

ஆனால் அடிக்கும்போது வார்த்தைக்கு முன்னால் வெள்ளையாக இடம் கிடந்தது. எதுவும் ஓடி வரவில்லை. முதல் சில நாட்கள் அந்த வெள்ளையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு பெருக்கிவிட்ட வாசல் மாதிரிப் பழகிப்போனது. அழிப்பதற்கு முன்பு இப்போது அவளே சொன்னாள்: "இது இந்தப் பெட்டியத் தாண்டலம்மா. இப்ப நெசமாவே அழியுது."

ஆனி மாதம் ஒரு பகல். காற்று தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தூங்காத கண். பெயர் மகராசி என்றாள்.

"ரெண்டு மாசமா எங்க வீட்டு வாசல்ல ஒரு ஆளு வந்து நிக்கான்க்கா. காலையில வருவான். கத்த மாட்டான், திட்ட மாட்டான். 'மதுநிலாவக் கூப்பிடுங்க, செருப்ப மட்டும் குடுத்துட்டுப் போயிருதேன்'பான். அப்படி யாரும் இங்க இல்லன்னு நூறு தடவ சொல்லியாச்சு. சிரிக்கான். 'அதுக்கே தெரியும், பொய் சொல்லாதீங்க'ங்கான். என் மகளுக்குப் பத்து வயசு. அவ ஸ்கூலுக்குப் போகையில பின்னாலயே போயி, அவ கால் அளவு சரியா இருக்கான்னு..." அவள் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "நேத்து செருப்ப கேட்ல கட்டித் தொங்க விட்டுட்டுப் போயிருக்கான். பச்சைக் கேட்ல ரோஸ் கலர். அப்படியே தெரியுது."

ஜெபராணியின் விரல்கள் கட்டைகளின்மேல் அசையாமல் நின்றன.

"எந்த ஊரு?"

"எட்டயபுரம்க்கா. பழைய நெசவாளர் காலனி."

"அந்த வீடு... அந்த அட்ரஸ் நான்..." நான் கற்பனையில் உண்டாக்கியது என்று சொல்ல வந்தாள்.

மகராசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு என்னைய ஞாபகம் இல்லையாக்கா? போன வருசம் விதவைச் சான்றிதழுக்கு இதே நாற்காலியில வந்து உக்காந்தேன். தாயும் பிள்ளையும் தனியா இருக்கோம், பயமாருக்குன்னு அழுதேன். தண்ணித் தொட்டிக்கு எதிர்த்த வீடுன்னு எல்லாம் சொன்னேன். நீங்கதான், 'அதெல்லாம் மனுவுல வேண்டாம், நீங்க சொல்லவே இல்லன்னு வச்சிக்கிடுங்க'ன்னு அழிச்சீங்க."

காற்று ஒரு காகிதத்தைப் புரட்டிப் போட்டது. ஜெபராணி தன் கைகளைப் பார்த்தாள். பத்து விரல்கள். அவற்றுக்குள் முருங்கை மரத்தடியில் புதைந்த பிள்ளை இருந்தது. அந்தோணி வீட்டு மாடி இருந்தது. பதினாலு வருடமாக அவள் அழித்த அத்தனையும் வரிசையாக நின்று, 'தற்போது' என்று யாராவது தொடங்குவதற்காகக் காத்திருந்தது. கம்ப்யூட்டரை ரஹ்மத் துடைத்துக் கொடுத்துவிட்டாள். இந்த விரல்களை யார் திறந்து பார்ப்பது?

"மகராசி, எழுதத் தெரியுமா உங்களுக்கு?"

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

"அப்ப நீங்களே அடிங்க." கட்டைப் பலகையைத் தூக்கி அவள் பக்கம் வைத்தாள். எதிர்த்திரையை முழுக்க அவள் பார்வைக்குத் திருப்பிவிட்டாள். "எழுத்துக கட்டைமேலயே போட்டுருக்கு. மெதுவா அடிங்க. அவன் பேரு திரவியராஜ். அவன் எதுக்கு உங்க வாசலுக்கு வந்தான்னு ஒரு பத்தி எழுதணும். அத மட்டும் நான் சொல்லுதேன், என் பேரையும் சேத்து எழுதுங்க. அதுல எதையும் அழிக்கக் கூடாது."

சொன்னாள். மகராசியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவள் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"இனி நீங்க எங்க போயித் தங்கப் போறீங்கன்னும் அதுல எழுதணும். பாதுகாப்புக் கேக்கணும்லா. அது என் காதுல விழப்படாது. முடிச்சிட்டுக் கூப்பிடுங்க."

எழுந்து வெளியே வந்து, சாலைக்கு அந்தப்பக்கம், புளியமர நிழலில் முதுகைக் காட்டி நின்றாள். ஒரு மினி பஸ் இரைந்துகொண்டு போனது. அது போன பிறகு தெரு அடங்கியது.

டக். டக். இடைவெளி. டக்.

அவள் காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்க நினைத்தாள். கை வரவில்லை. சேலை மடிப்பின்மேல், தொடையில், அவளுடைய வலது கைச் சுட்டுவிரல் மெல்ல இறங்கி எழுந்தது. பிறகு நடுவிரல். பிறகு இடது கை.

உள்ளே மகராசி தட்டத் தட்ட, வெளியே பத்து விரல்களும் ஒரு எழுத்தும் பிசகாமல் கூடவே தட்டிக்கொண்டிருந்தன.